பத்துப் பேர் சேர்ந்தால்தான் குப்பி திறக்கும்

எங்கள் உறவுக்காரர்களின் விசேஷங்களில் கொரோனா காலத்துப் பேச்சு எடுத்தால் போதும், கொஞ்ச நேரத்தில் யாராவது அந்த மரத்து வீடியோவைக் கொண்டுவந்துவிடுவார்கள். 2021 டிசம்பர் கடைசியில் பரவியது. வில்லியனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீடு வீடாகத் தடுப்பூசி போட வந்தவர்களைப் பார்த்ததும் ஒருவர் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கீழே நின்றவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், அவர் இறங்குவதாக இல்லை, அதை யாரோ செல்போனில் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். புதுச்சேரியில் தடுப்பூசி கட்டாயம் என்று உத்தரவு போட்டு ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. சமீபத்தில் பண்ருட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா மறுபடி அதைப் போட்டுக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், சிரித்து முடித்ததும் வழக்கமான தீர்ப்பு வந்தது: "இந்த ஜனங்களுக்கு எவ்ளோ சொன்னாலும் விழிப்புணர்வு வராதுடா."

சித்தப்பாவிடம் நான் சண்டை போடவில்லை, அவரிடம் சண்டை போட்டு ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. ஆனால் அந்த வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் மரத்தின் மேலே போவதில்லை, கீழே நிற்கிறவர்கள் மேல்தான் போகிறது. ஏனென்றால் அந்த மாதங்களில் நானும் அப்படிக் கீழே நின்ற கூட்டத்தில் ஒருவன். கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் கணினிப் பாடம் எடுக்கிறேன். 2021 செப்டம்பர் 12ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க முதல் மெகா தடுப்பூசி முகாம் நடந்தபோது, வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று கேட்டார்கள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். கோவின் தளத்தில் பெயர், பிறந்த வருடம், அடையாள அட்டை எண், செல்போன் எண் ஏற்றுவதுதான் வேலை. அது அந்த ஞாயிறோடு முடியவில்லை. அப்புறம் ஒரு கிராம சுகாதார செவிலியரோடு, ஊர்க்காரர்களுக்கு நர்சம்மா, விடுமுறை நாள்களில் சுற்ற ஆரம்பித்தேன். முகாமுக்கு வராதவர்களைத் தேடிப் போகிற வேலை.

எங்கள் கையில் 'போடாதவர்கள் பட்டியல்' ஒன்று இருக்கும். பெயருக்கு எதிரே காரணம் எழுத ஒரு கட்டம். வெளியூர், உடல்நிலை, மறுப்பு இப்படி. பெரும்பாலும் 'மறுப்பு' என்றுதான் விழும். எழுதுவதற்குச் சுலபம், மேலே இருந்து அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், பழி முழுக்க அந்தப் பெயரின் தலையில் இறங்கிவிடும். அந்தக் கட்டம்தான் இத்தனை வருடம் கழித்தும் எனக்குச் சமாதானம் ஆகாத விஷயம். அதில் 'மறுப்பு' என்று எழுதப்பட்டவர்களில் பெரும்பாலானோர் எதையும் மறுக்கவில்லை. அவர்களிடம் யாரும் சரியாகக் கேட்கவே இல்லை என்பதுதான் நான் பார்த்தது.

பத்துப் பேர் கணக்கு

கோவிஷீல்டு ஒரு குப்பியில் பத்து டோஸ். திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் இருந்தால் கொட்ட வேண்டும். குழந்தைகளுக்குப் போடுகிற பென்டா மருந்தோ போலியோ சொட்டு மருந்தோ அப்படி இல்லை, திறந்த குப்பியை ஐஸில் சரியாக வைத்துக்கொண்டால் நாலு வாரம் வரை பயன்படுத்த விதி இருக்கிறது. நர்சம்மா வருடக் கணக்காகப் பழகிய கணக்கு அது. கொரோனா ஊசி வந்ததும் அந்தக் கணக்கு செல்லாமல் போனது. அதோடு 2021 ஏப்ரலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வெளிவந்த விவரத்தில், நாட்டிலேயே தடுப்பூசி அதிகம் வீணாகும் மாநிலம் தமிழ்நாடுதான், 12 சதவீதத்துக்கு மேல் என்று வந்துவிட்டது. டிவியில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு டோஸ் வீணானாலும் கீழே இருக்கிறவர் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் எல்லா நர்சுகளுக்கும் வந்துவிட்டது. எனவே எங்கே போனாலும் முதல் வார்த்தை, "பத்துப் பேர் சேருங்க, திறக்கறேன்."

நகரத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தெருமுனையில் நின்று கூப்பிட்டால் பத்துப் பேர் வந்துவிடுவார்கள். பிச்சாவரம் காயல் ஓரத்தில் ஒரு இருளர் குடியிருப்பு, மொத்தமே பதினைந்து இருபது குடிசை. அங்கே பத்துப் பேரை ஒரே நேரத்தில் கரையில் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே போய் நின்றால்தான் தெரியும். அவர்கள் தண்ணீருக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள், ஆணும் பெண்ணும் போவார்கள். தண்ணி வற்றுகிற நேரம் பார்த்துத்தான் இறங்க முடியும், அந்த நேரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும். எங்கள் முகாம் என்னவோ காலை ஒன்பதிலிருந்து மாலை வரை, அதுவும் கொஞ்ச தூரம் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில். முதல் தடவை நாங்கள் போனபோது ஆறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். நாலு பேர் குறைகிறது. நர்சம்மா மருந்து வைத்திருந்த நீலப் பெட்டியைத் திறக்காமல் காத்திருந்தார். அவர்களும் வெகுநேரம் காத்திருந்தார்கள். அப்புறம் தண்ணி வற்ற ஆரம்பித்ததும் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். அதில் ஒரு பெண் போகும்போது என்னைப் பார்த்து, "நாங்க வந்தமே, எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். எழுத எங்கே கட்டம் இருக்கிறது? சாயங்காலம் மேலே போன கணக்கில் அந்தக் குடியிருப்பு பூஜ்யம். இரண்டு நாளில் யார் வாயிலிருந்தோ "அங்க எல்லாம் ஊசிக்கு ஒத்துக்க மாட்டாங்க சார்" என்ற பேச்சாக அது மாறியிருந்தது.

அட்டையும் போனும் தனிக் கதை. ஆதாரோ வாக்காளர் அட்டையோ இன்ன பிற அட்டைகளோ ஏதாவது ஒன்று வேண்டும். அட்டை இல்லாதவர்களுக்கும் போடலாம் என்று 2021 மே மாதமே தனி வழிமுறை வந்துவிட்டது, ஆனால் முகாமில் உட்கார்ந்திருந்த எங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. ஒரு செல்போன் எண்ணில் நாலு பேரைத்தான் பதிய முடியும் என்பது அப்போதைய விதி. மூன்று நாலு குடிசைக்குச் சேர்த்து ஒரு போன் இருக்கிற இடத்தில் என்ன செய்வது? என் எண்ணைக் கொடுத்து நாலு பேரைப் பதிந்தேன், என்னைப் போல எல்லா முகாமிலும் பலர் அப்படிச் செய்திருப்பார்கள். கோவிஷீல்டுக்கு இரண்டாம் டோஸ் 84 நாள் கழித்து. சரியாக அந்தச் சமயத்தில் யார் யாருக்கு இரண்டாம் ஊசி பாக்கி என்று ஆங்கிலத்தில் என் போனுக்குக் குறுஞ்செய்தி வர ஆரம்பித்தது. அதில் ஒரு குடும்பம் அதற்குள் செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு விழுப்புரம் பக்கம் போயிருந்தது. அவர்களுக்கு ஊசி பாக்கி என்பது அவர்களைத் தவிர எனக்கும் அரசாங்கத்துக்கும் தெரியும்.

கரையில் இருந்தபோது மருந்து இல்லை

கடலோர ஊர்களின் கணக்கு வேறு மாதிரி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் எல்லாம் வீட்டில் இருப்பார்கள், வலை பின்னுவார்கள், படகுக்கு வண்ணம் அடிப்பார்கள், சாயங்காலம் சீட்டாடுவார்கள். ஒரு ஊரின் ஆண்கள் மொத்தமாகக் கரையில் கிடைக்கிற இரண்டு மாதம். 2021இல் அந்த இரண்டு மாதத்தில்தான் இரண்டாம் அலை, அந்த இரண்டு மாதத்தில்தான் தடுப்பூசிக்குத் தட்டுப்பாடு, ஜூன் தொடக்கத்தில் பல மாவட்டங்களில் கையிருப்பு இல்லை என்று முகாம்களையே நிறுத்தினார்கள். மருந்து தாராளமாக வந்து சேர்ந்தபோது ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிட்டது. அவர்கள் விடிவதற்கு முன்பே கடலுக்குப் போய்விட்டு, மீன் இறக்கி ஏலம் முடித்து, தூங்கப் போகிற நேரத்தில் நாங்கள் போய்க் கதவைத் தட்டினோம். தூக்கத்தில் எழுப்பினால் யார்தான் கையை நீட்டுவார்கள்?

ஆனால் அந்த ஊர்களில் ஒரு வசதி உண்டு. ஊர்ப் பஞ்சாயத்து. தேவனாம்பட்டினம் கரையை ஒட்டிய ஊர்களில் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, கலெக்டர் சொன்னால் யோசிப்பார்கள், ஊர் நிர்வாகிகள் மைக்கில் சொன்னால் செய்வார்கள். நாங்கள் போன ஊரில் நிர்வாகிகள் கோயிலுக்கு முன்னால் கூட்டம் போட்டு அதிகாரிகளைக் கூப்பிட்டார்கள். அங்கே யாரும் தடுப்பூசி நல்லதா கெட்டதா என்று விவாதிக்கவில்லை. "ராத்திரி ஏழு மணிக்கு மேல வாங்க. மறுநாள் தொழிலுக்குப் போகாத நாளா நாங்க சொல்றோம். ஜுரத்துக்கு மாத்திரை கையிலயே கொடுத்துடுங்க." மூன்று நிபந்தனை, அவ்வளவுதான். ஒத்துக்கொண்டதும் மைக் கட்டினார்கள். வலைக்கூடத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் விடாமல் நடந்தது, என் விரல் வலித்துப்போனது. அதே வாரத்தில்தான் அந்த ஊரையும் சேர்த்து 'தயக்கம் உள்ள கிராமங்கள்' என்று ஒரு பட்டியலில் பார்த்தேன்.

இந்த இடத்தில் அரசாங்கத்தை ஒன்றுக்காகப் பாராட்டியே ஆக வேண்டும். மெகா முகாம்கள் முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடந்தன. ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை பரவியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை கறியை யார் விடுவார்கள்? அக்டோபரில் ஆறாவது மெகா முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள், அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் காரணத்தையும் வெளிப்படையாகவே சொன்னார். படித்தவர்கள் கேலி செய்தார்கள். எனக்கு அந்த வருடத்தில் எடுக்கப்பட்ட மிகப் புத்திசாலித்தனமான முடிவு அதுதான் என்று தோன்றுகிறது. ஜனங்களிடம் "கறி சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது" என்று லட்சம் நோட்டீஸ் அடித்துப் புரியவைப்பதைவிட ஒரு நாள் முன்னால் நகர்த்துவது சுலபம். இருளர் குடியிருப்புக்கு அப்படி நேரத்தை நகர்த்தச் சொல்லிக் கேட்க ஒரு பஞ்சாயத்து இல்லை, மைக் இல்லை, அதிகாரியைக் கோயில் வாசலுக்கு வரச் சொல்கிற தைரியமும் இல்லை. தடுப்பூசி போடாதவர்கள் என்று எல்லோரையும் ஒரே பட்டியலில் எழுதுகிறோம், ஆனால் பேரம் பேச முடிந்தவர்களும் முடியாதவர்களும் அதில் கலந்திருக்கிறார்கள்.

பெட்டி இல்லாமல் போன நாள்

அக்டோபர் வாக்கில் நர்சம்மா மறுபடி காயல் ஓரத்துக்குப் போகலாம் என்றார். இந்தத் தடவை தண்ணி வற்றுகிற நேரத்தை முதல் நாளே விசாரித்து வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடவில்லை, குடிசைகளுக்கு நடுவில் ஒரு புங்கமரத்தடியில் பெட்டியை வைத்தார். ஏழு பேர் வந்தார்கள். "திறந்துடலாம் சார், மிச்சத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்று திறந்தார். போடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் அவர் சொன்னதைக் கவனித்தேன். அதுவரை நான் பார்த்த எல்லா முகாமிலும், மைக்கில் ஆகட்டும் நேரில் ஆகட்டும், "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்பதுதான் பாட்டு. இவர் நேர்மாறாகச் சொன்னார். "ராத்திரி ஜுரம் வரும். கை தூக்க முடியாது. நாளைக்கு ஒரு நாள் தண்ணியில எறங்க வேணாம், முடிஞ்சா ரெண்டு நாள். மூச்சு வாங்குனா, நெஞ்சு வலிச்சா, ராத்திரி எந்நேரம்னாலும் எனக்குப் போன் அடிங்க." எண்ணை ஒரு குடிசையின் கதவுத் தட்டியில் கரியால் எழுதிவிட்டு வந்தார். நான் பயந்தேன், இப்படிச் சொன்னால் அந்த ஏழு பேரில் பாதி ஓடிவிடுவார்களே என்று. ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை.

நான் இத்தனை நீளமாக எழுத உட்கார்ந்ததே அடுத்த நாள் காலையில் நடந்ததைச் சொல்லத்தான். நர்சம்மாவின் வண்டி பழுது, என்னைக் கொண்டுபோய் விடச் சொன்னார். அன்றைக்குப் பெட்டி இல்லை, பதிவு இல்லை, மேலே கணக்கு எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. தோளில் ஒரு கைப்பை, அதில் பாராசிட்டமால் அட்டைகளும் ஒரு தெர்மாமீட்டரும். முதல் நாள் நாங்கள் போனபோது குடிசைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்ட ஒரு கிழவி இருந்தார், இருளர் குடியிருப்பின் மூத்தவர் போல. எங்களைப் பார்த்ததும் அவர் மறுபடி எழுந்தார், ஆனால் இந்தத் தடவை ஓடவில்லை. என் வண்டியைச் சுற்றி வந்து பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பொட்டி எங்க?"

"இன்னைக்கு பொட்டி இல்ல ஆயா. யாருக்கு ஜுரம்னு பாத்துட்டுப் போக வந்தேன்."

"ஊசி போடலன்னா எதுக்கு வந்த?"

நர்சம்மா பதில் சொல்லாமல் பக்கத்தில் படுத்திருந்த பெண்ணின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கிழவி விடவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை, மறுபடி மறுபடி அதையே கேட்டார். அப்புறம் அவரே பேச ஆரம்பித்தார். 2020 மே மாதத்தில் அவருடைய மகள் புருஷன் கோயம்பேட்டில் மூட்டை தூக்கப் போயிருந்தவன். சந்தையில் நோய் பரவியதும் லாரி ஏறி ஊர் வந்தான். கடலூர், விழுப்புரம் ஜில்லாவில் அப்போது என்ன நடந்தது என்பது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும், கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்களைத் தேடித் தேடிப் பிடித்துப் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் வைத்தார்கள். முகம் தெரியாமல் மூடிக்கொண்ட நாலு பேர் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாதையில் தகரம் அடித்தார்கள். அவனுக்கு என்ன ஆச்சு, எந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று வெகுநாள் யாரும் வந்து சொல்லவில்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கடைக்காரர் அரிசி கொடுக்க மறுத்தார். கடைசியில் அவன் ஒன்றும் ஆகாமல் நடந்தே திரும்பி வந்தான். "அன்னைக்கு வந்தவங்களும் ஆஸ்பத்திரிக்காரங்கதான. எடுத்துக்கிட்டுப் போனாங்க. திரும்பி யாரும் வரல." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தேதி சொல்வது போலச் சொன்னார்.

நடிகர் விவேக் விஷயமும் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2021 ஏப்ரல் 15இல் அவர் ஓமந்தூரார் மருத்துவமனையில் எல்லோரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி இறந்துபோனார். ரத்தக் குழாயில் இருந்த அடைப்புதான் காரணம், ஊசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள், பிறகு நிபுணர் குழுவும் அதையே சொன்னது. அதெல்லாம் உண்மை. ஆனால் ஊசி போட்ட மறுநாள் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் குடியிருப்பில் இருந்தவர்களிடம் ஒரே ஓர் உதாரணம்தான் இருந்தது, அது அவர். நாம் அதற்குப் பதிலாக நோட்டீஸ் கொடுத்தோம். நர்சம்மா மறுநாளே நேரில் போய் நின்றார். யாருக்கு ஜுரம், யாருக்குக் கை வீக்கம் என்று குடிசை குடிசையாகப் பார்த்து, ஒருத்தருக்கு மாத்திரையை விழுங்கவைத்து, ஒரு கைக்குழந்தைக்குப் போன புதன்கிழமை போட வேண்டிய ஊசி தவறிப்போனதையும் கண்டுபிடித்துத் திட்டிவிட்டு வந்தார். நாங்கள் கிளம்பும்போது கிழவி ஊசிக்குச் சம்மதம் என்றெல்லாம் சொல்லவில்லை, சினிமாவில்தான் அப்படி நடக்கும். அடுத்த முறை பெட்டியோடு போனபோது பத்துக்கு மேல் ஆள் இருந்தார்கள், கிழவி அப்போதும் தள்ளித்தான் நின்றார், ஒளியவில்லை. அவர் போட்டுக்கொண்டது பொங்கலுக்குப் பிறகு என்று கேள்விப்பட்டேன்.

முள்ளோடைக்கு அந்தப் பக்கம்

சித்தப்பாவின் வாதத்துக்கும் ஒரு பலம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. கட்டாயப்படுத்தினால்தான் நடக்கும் என்கிறார் அவர். புதுச்சேரி 1973ஆம் வருடத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி 2021 டிசம்பரில் உத்தரவு போட்டது. முள்ளோடை எல்லையைத் தாண்டினால் சட்டம் வேறு. பாகூர் பக்கம் ஊர்கள் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பது தெரியும்தானே, ஒரு வயலில் வரப்புக்கு இந்தப் பக்கம் கடலூர் மாவட்டம், அந்தப் பக்கம் யூனியன் பிரதேசம். பெண் கொடுத்து எடுத்ததெல்லாம் மாறி மாறி. இங்கே பட்டியலில் 'போடாதவர்' என்று இருக்கும் ஆள் அங்கே மாமியார் வீட்டில் இருந்தபோது போட்டுக்கொண்டிருப்பார், நாங்கள் அவரைத் தேடி அலைவோம். அந்த உத்தரவு பலரைப் பயமுறுத்தியது உண்மை. ஆனால் பாகூர் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் வேறு மாதிரி சொன்னார். அவருக்கு ஊசி மேல் பயமே இல்லை, அவருடைய அம்மாதான் விடவில்லை, போட்டுக்கொண்டால் நான் சோறு தின்ன மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். "கவர்மென்ட்டு ஆர்டர் போட்டதும் நல்லதாப் போச்சுண்ணே. நான் என்ன பண்றது, போடலன்னா உள்ள விடமாட்டாங்களாம்னு சொல்லிட்டுப் போட்டுக்கிட்டேன்." அவருக்கு அந்த உத்தரவு ஒரு சாக்கு, நல்ல சாக்கு. எத்தனை பேர் அப்படிச் சாக்குக் கிடைக்கக் காத்திருந்தார்களோ.

அதனால் கட்டாயம் எல்லா இடத்திலும் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. உச்ச நீதிமன்றம் 2022 மே 2ஆம் தேதி யாரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது, பொது நலனுக்காகச் சில கட்டுப்பாடுகள் விதிக்கலாம், ஆனால் அவை அளவோடு இருக்க வேண்டும் என்றும் சொன்னது. சட்டமாகப் பார்த்தால் விஷயம் அங்கே முடிந்தது. எனக்கு முடியாமல் நிற்பது வேறு: கொத்தனாருக்கு உதவிய அதே உத்தரவு, கிழவியிடம் போயிருந்தால் தகரத்தின் தொடர்ச்சியாகத்தான் தெரிந்திருக்கும். இருவரும் பட்டியலில் ஒரே கட்டத்தில் இருந்தார்கள். மரத்தில் ஏறியவர் இதில் யார் பக்கம் என்று அந்த வீடியோவைப் பார்த்தால் தெரியாது, அதை எடுத்தவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நர்சம்மாவுக்கும் பயம் உண்டு

இப்படியெல்லாம் சொன்னால் நர்சம்மா ஏதோ தனிப்பிறவி என்று தோன்றும். அப்படி இல்லை, அவருடைய பழக்கத்துக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது, அவரே சொன்னார். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நாலு கைக்குழந்தைகள் இறந்துபோயின. அதன் பிறகு தமிழ்நாடு அரசு கிராமத்தில் போய் ஊசி போடுவதையே நிறுத்தியது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கும்போது மட்டும்தான் என்று ஆக்கியது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். ஆனால் பஸ்ஸுக்குக் காசும் ஒரு நாள் கூலியும் விட முடியாதவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் முழுதாகப் போட்ட குழந்தைகள் 2005-06இல் 81 சதவீதம் போல இருந்தது, 2015-16இல் 70க்குக் கீழே இறங்கிவிட்டது, 2019-21 கணக்கில்தான் 89க்கு ஏறியது. இறக்கத்துக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஜனங்கள் ஊசியை விட்டு விலகினார்கள் என்கிறோமே, ஊசி ஜனங்களை விட்டு விலகிய வருடங்களும் இருந்தன.

"அந்த வருஷம் எங்களுக்கே கை நடுங்கும் சார். போட்டுட்டு வீட்டுக்கு வந்தா தூக்கம் வராது. விடிஞ்சதும் போய் அந்தப் பிள்ளையப் பாத்துட்டு வந்தாத்தான் நிம்மதி." அவர் மறுநாள் போகிற பழக்கம் அங்கே பிறந்ததுதான், எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிக்கொடுத்தது இல்லை. 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸப்பில் வதந்தி கிளம்பி, பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் இருந்தார்கள், மார்ச் வரை நீட்டிக்க வேண்டி வந்தது. அப்போதும் இவர் பார்த்துக்கொண்ட பள்ளிகளில் பெரிய தகராறு எதுவும் வரவில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

இப்போது அடுத்த ஊசி வருகிறது. பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைப் படிப்படியாகப் போடப்போவதாக 2025 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 36 கோடி ரூபாய் ஒதுக்கி அறிவித்தது. நல்ல திட்டம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பிள்ளை பிறக்காமல் போய்விடுமாமே என்று இப்போதே சில அம்மாக்கள் நர்சம்மாவிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். போன வாரம் போனில் பேசியபோது, இந்தத் தடவையாவது திட்டத்தில் மறுநாள் போய்ப் பார்ப்பதற்கு இடம் வைத்திருப்பார்களா என்று கேட்டேன். சிரித்தார். "பள்ளிக்கூடம் பேரு, தேதி, எத்தனை பிள்ளைங்க, எத்தனை டோஸ். இதுக்குத்தான் சார் கட்டம் போடுவாங்க. நான் போய்க்குவேன், எனக்குப் பழகிடுச்சு. புதுசா வந்திருக்கிற பொண்ணுங்களுக்கு ஆளுக்கு ஏழெட்டு கிராமம், பெட்ரோல் சொந்தக் காசு, அதுங்கள மறுநாளும் போன்னு நான் எப்படிச் சொல்றது?" பெட்ரோலுக்கு ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா என்று எங்கள் கல்லூரியில் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். நாளை கல்லூரி முதல்வரைப் பார்க்கிறேன்.